இரும்பு மீன் தொங்கிய வீடு

முதியவர்களைப் பார்க்கிற வேலைக்கு இப்போது சான்றிதழ் கேட்கிறார்களாம். எங்கள் கோவில் பங்கிலிருந்து நாலு பிள்ளைகள் அந்த வகுப்புக்குப் போகிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

"சூசை அண்ணை, எவ்வளவு காலம் இந்த வேலை செய்தனீங்கள். எங்களுக்கு ஏதும் சொல்லித் தாங்கோவன்."

"என்னத்தைச் சொல்ல? ஆளைத் தூக்கத் தெரியுமோ?"

"அது படிப்பிச்சிட்டினம். இப்ப புதுசா ஒண்டு. நாங்கள் பாக்கிற ஆளிட்டைக் கேட்டுக் கேட்டு அவையின்ரை வாழ்க்கையை ஒரு கொப்பியிலை எழுத வேணுமாம். என்ன நடந்தது, எங்கை நடந்தது, எப்ப நடந்தது எண்டு."

கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் காலத்தில் முதல் பாடமே கேட்காதே என்பதுதான். அந்தப் பிள்ளைகளிடம் ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாயால் சொல்லத் தைரியம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னாரில் கூட்டுறவுக் கடையில் பில் எழுதியவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள், இங்கே ஒருவரும் அதைக் கேட்பதில்லை. இரண்டு கோடை மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினேன். பிறகு எங்கள் ஊர் ஆள் ஒருவர் தான் பார்த்துவந்த கிழவியின் வீட்டுக்கு என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். அங்கே நாலு மாதத்தில் படித்ததுதான் என் படிப்பு. தூக்கும்போது உன் முழங்காலை அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வை. கரண்டியை மேலிருந்து கொண்டுபோகாதே, கீழிருந்து கொண்டுபோ, அப்போதுதான் தலை குனிந்து நாடி தாழும், சாப்பாடு புரையேறாது. மூன்றாவது பாடம்தான் முக்கியம் என்றார்.

"அவை என்ன சொன்னாலும் ஓம் போடு. செத்த புருசன் சந்தைக்குப் போயிட்டார் எண்டாலும் ஓம். எப்ப போனவர் எண்டு கேட்டியோ, துலைஞ்சாய். அழத் தொடங்குவினம். அழுதா சாப்பாடு இறங்காது."

நான் கெட்டிக்காரன். அந்தப் பாடத்தை அவரை விட நன்றாகப் படித்தேன்.

அதன்பிறகு எனக்கென்று கிடைத்த முதல் வீடு லிபெர்த்தா தெருவில், மூன்றாம் மாடி. அங்கே இருந்தவர் சுவிஸ்காரர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பலெர்மோப் பெண்ணொருத்தியைக் கட்டி இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிப்பித்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வாத்தியாரை இங்கே அழைக்கிறபடி தெருவில் எல்லோரும் அவரைப் புரொஃபெசோரே என்பார்கள், நானும் அப்படியே. கை நடுங்கும் வியாதி அவருக்கு. புத்தி மட்டும் கத்தி போல இருந்தது.

முதல் நாளே அவர் என்னை 'நீங்கள்' என்றார். அதுவரை இந்த நகரத்தில் ஒரு வீட்டிலும் வேலைக்காரனை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. யன்னல் பலகையை ஒரு சாண் மட்டும் திறக்கவேண்டும். பாண் துண்டின் கரையை வெட்டக்கூடாது. குரலை உயர்த்தவே மாட்டார். சூப் ஊட்டினால் ஒவ்வொரு கரண்டிக்கும் நன்றி சொல்வார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "புரொஃபெசோரே, கடைசியிலை மொத்தமாச் சொல்லுங்கோ, சூப் ஆறுது" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். சிரித்தார். அடுத்த கரண்டிக்கும் நன்றி சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது, பொய் சொல்லவில்லை.

அவர் தன் ஊரின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஜெர்மனியையும் சுவிசையும் பிரிக்கிற ஆற்றின் கரையில், சுவிஸ் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்காரர்கள் புத்தகத்தைப் போட ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை அங்கிருந்து தொலைபேசி வரும். ஆனால் எழுதுவதற்குக் கை வேண்டுமே. முதலில் ஒரு காலுறையில் அரிசியை நிரப்பி அவர் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். பாரம் இருந்தால் நடுக்கம் குறையும் என்று நினைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. பிறகு நானே பக்கத்தில் இருந்து அவருடைய மணிக்கட்டை இடது கையால் எழுதுகிற பலகையோடு சேர்த்துப் பிடிப்பேன். தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது. அவர் போகிற பக்கம் போகவேண்டும், நடுக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். எழுதி முடிந்ததும் அதை எனக்கு இத்தாலியனில் விளங்கப்படுத்துவார். ஜெர்மனில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

அப்படித்தான் அந்த ஊர் எனக்குள் வந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் அவர் கையாலே கீறிய படம் தொங்கியது. கூரை போட்ட மரப்பாலம். பாலம் முடிகிற இடத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த வாசல். ஆறு பெருகிய ஒவ்வொரு முறையும் வெள்ளம் எதுவரை வந்தது என்று பள்ளிக்கூடச் சுவரில் கோடு வெட்டுவார்கள். ஆற்றில் சால்மன் மீன் அவ்வளவு மலிந்து கிடந்ததாம், கிழமையில் மூன்று நாளுக்கு மேல் எங்களுக்கு அதைத் தரக்கூடாது என்று வேலைக்காரர்கள் பேசி எழுதி வாங்குவார்களாம். "எனக்கு ஒரு நாளாவது தாருங்கோ" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறையிலிருந்து மீன் எடுப்பித்து, என்னையும் மேசையில் இருத்திச் சாப்பிடச் சொன்னார்.

அந்தி பட்டதும் அங்கே ஒரு மணி அடிப்பார்கள். அந்நியர் மணி என்று பெயர். அதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடவேண்டும். "ஒழுங்கான ஊர்" என்பார் புரொஃபெசோரே. "ஒருவரையும் அடிக்கமாட்டார்கள். மணி மட்டும் அடிப்பார்கள்."

ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு வீடு. பாலத்தால் வந்து இடப்பக்கம் இரண்டாவது. கதவில் இரும்பு மீன் ஒன்று தொங்கும், இழுத்தால் உள்ளே மணி கேட்கும். யாத்திரிகர் வீடு. பாலத்தைக் கடந்து வந்தவன் யாராக இருந்தாலும் மூன்று நாள் படுக்கையும் சூப்பும் கொடுக்கவேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறவனை ஒரு காவலனும் தொடக்கூடாது. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும், அடுப்பில் சூப் கொதிக்கிற மணம் கூடச் சொல்வார். நான் ஓம் போட்டுக்கொண்டே இருப்பேன். சண்டை நேரம் எங்கள் மடுக்கோவிலில் சனம் போய்த் தங்குவதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அமலன், என்னை விட ஒன்பது வயது இளையவன். ஜெர்மனியில் அகதி மனுக் கொடுத்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். எந்த நேரமும் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றுவார்கள் என்ற நிலை. கொழும்பில் அந்த நாட்களில் மன்னார் விலாசத்தோடு ஒரு இளைஞன் இறங்கினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

மூலைக் கடைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அவனோடு கதைத்தேன்.

"அண்ணை, சுவிசுக்குள்ளை போயிட்டா அங்கை புதுசா மனுக் குடுக்கலாமாம். ஆனா உள்ளை போன உடனை பிடிச்சா, அப்பிடியே திருப்பி விட்டிடுவாங்களாம். ரெண்டு மூண்டு நாள் ஒதுங்கி நிக்க ஒரு இடம் வேணும். எனக்கு ஆரைத் தெரியும்?"

நானா இடம் தெரியாதவன்? அந்த ஊரின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியுமே!

"டேய், பயப்பிடாதை. நான் சொல்லுறதை எழுது. சந்தை நாளிலை சனத்தோடை சனமாப் பாலத்தாலை வா. இடக்கைப் பக்கம் ரெண்டாவது வீடு. கதவிலை இரும்பு மீன் தொங்கும், அதை இழு. மூண்டு நாள் வைச்சிருப்பினம். ஆரும் கேட்டா எங்கடை புரொஃபெசோரேயின்ரை பேரைச் சொல்லு, வீட்டு நம்பரையும் எழுதிக் கொள். அவர் அந்த ஊர்ப் பெரிய மனுசன்."

"அவரிட்டைக் கேட்டனியோ?"

"கேக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

கேட்கவில்லை. கேட்டால் பதறுவார், பதறினால் நடுக்கம் கூடும், சாப்பாடு இறங்காது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் இன்னொன்றும் இருந்தது. எனக்கே பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதிப் பத்திரம், இல்லை. அப்போது பத்திரம் இல்லாதவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்துப் பதியப்போகிறார்கள் என்ற கதை அடிபட்டது. முதலாளியின் கையெழுத்து வேண்டும். இந்த நேரத்தில் அவருக்குத் தொந்தரவு கொடுப்பானேன்?

எந்தச் சந்தை நாளில் வருவான் என்று அவனும் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பகல், சூப் கொடுத்து முடித்த நேரம், தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஜெர்மன் குரல். வழக்கமாக ஆவணக் காப்பகத்திலிருந்து பேசுகிறது ஒரு பெண்பிள்ளை, அன்று ஆண்குரல். புரொஃபெசோரேயின் பெயர் மட்டும் விளங்கியது. வயரை இழுத்து வந்து அவருடைய காதோடு வைத்துப் பிடித்தேன். அவரால் பிடிக்க முடியாது, எப்போதும் நான்தான் பிடிப்பேன்.

அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஊர்ப்பேச்சைக் கேட்ட சந்தோசம். சிரித்தார், ஏதோ கேட்டார், அந்தப் பக்கமும் சிரித்தது. பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். அதன்பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். இரண்டு சொல் சொன்னார். அவர்கள் திரும்பக் கேட்டிருக்கவேண்டும், அதே இரண்டு சொல்லைத் திரும்பவும் சொன்னார். தலையை அசைத்துக் காதிலிருந்து எடுக்கச் சொன்னார்.

"ஊரிலிருந்தோ, புரொஃபெசோரே?"

"ஊரிலிருந்துதான். ஆறு பெருகுகிறதாம்."

வாயோரம் வழிந்திருந்தது, துடைத்துவிட்டேன். நன்றி சொன்னார். அன்றைக்கு எழுதவேண்டாம், படுக்கவேண்டும் என்றார்.

பத்து நாள் கழித்து மூலைக் கடைக்கு அமலனின் அழைப்பு வந்தது. ஜெர்மனியில் அடைத்து வைத்திருந்த இடத்திலிருந்து பேசினான்.

"அண்ணை, மீன் இருந்தது. நீ சொன்ன அதே கதவு. இழுத்தன். ஒரு மனுசி வந்து திறந்தா. உள்ளை கண்ணாடிப் பெட்டியள், பழைய சட்டி பானை. காட்சிச்சாலை அண்ணை அது! இருத்திக் கோப்பி தந்தா. நல்ல மனுசியெண்டு நினைச்சன். பொலிசைக் கூப்பிட்டிட்டா."

"நம்பரைக் குடுத்தனியோ?"

"குடுத்தன். அடிச்சுப் பாத்தவங்கள். அங்கை உன்னை ஆருக்கும் தெரியாதாம், பிழையான வீடாம். பாலத்தாலை நடத்திக் கொண்டுபோய் இந்தப் பக்கத்தாரிட்டைக் குடுத்தாங்கள். அடிக்கேல்லை. ஒரு சொல்லும் ஏசேல்லை. நாளைக்கு ஏத்துறாங்கள் அண்ணை."

காசு முடிந்து தொடர்பு அறுந்தது. அதுதான் கடைசி. கொழும்பில் இறங்கினான், ஒரு லொட்ஜில் இரண்டு நாள் நின்றான், ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியாது. நான் எழுதாத இடமில்லை. பதில் வந்த கடிதங்களிலும் பதில் இல்லை.

யாத்திரிகர் வீடு புரொஃபெசோரேயின் பூட்டன் பிறப்பதற்கு முன்னமே மூடப்பட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. எப்போது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, அவ்வளவுதான். செத்த புருசன் சந்தைக்குப் போன கதைக்கு ஓம் போட்டவன், அந்தச் சந்தைக்கே தம்பியையும் அனுப்பிவிட்டேன். பாவி நான்.

நம்பரையும் நான்தான் பிழையாகக் கொடுத்தேன் என்று நம்பினேன். அந்த நாட்களில்தான் வெளிநாட்டிலிருந்து எடுத்தாலும் முன்னாலிருக்கிற பூச்சியத்தைச் சேர்க்கவேண்டும் என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். பூச்சியத்தோடு சொன்னேனா, விட்டுச் சொன்னேனா? எத்தனை வருடம் அந்த ஒரு பூச்சியத்தோடு மல்லுக்கட்டினேன் தெரியுமா. சவரம் செய்யும்போதும் அது, பூசையிலும் அது.

அந்த ஆண்குரல் நினைவுக்கு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. ஒருநாள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று வந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "புரொஃபெசோரே" என்றேன். "சொல்லுங்கள், சூசை" என்றார். என் பதிவுப் பத்திரம் மேசையில் கிடந்தது, அவருடைய கையெழுத்துக்காக. "தண்ணி சூடு காணுமோ?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் நான் மணிக்கட்டைப் பிடிக்க, அவர் கையெழுத்து வைத்தார். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசை நின்று பெர்மெஸ்ஸோ எடுத்தேன். மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

புத்தகத்தில் போர்க்கால அத்தியாயத்தைக் கடைசிக்கென்று தள்ளிக்கொண்டே வந்தார். எழுதத் தொடங்கியபோது நடுக்கம் மோசமாகிவிட்டது, ஒரு நாளைக்கு நாலு வரிதான். அவர் இளம் வாத்தியாராக இருந்த நாளில் ஒரு மனிதன் ஜெர்மன் கரையிலிருந்து ஆற்றை நீந்தி வந்து பள்ளிக்கூட விறகுக் கொட்டிலில் ஒளிந்திருந்தானாம். இவர் பாண் கொடுத்து, தன் கோட்டையும் கழற்றிக் கொடுத்திருக்கிறார். காவலன் வந்து, இவனைத் தெரியுமா, பொறுப்பெடுப்பீர்களா என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கோட்டோடேயே அவனைப் பாலத்தால் நடத்திக் கொண்டுபோனார்கள். இதை விளங்கப்படுத்தும்போது அழுதார். "அப்ப உங்களுக்குச் சின்ன வயசு, புரொஃபெசோரே" என்று நெஞ்சைத் தடவிவிட்டேன். நான் தேற்றினேன் அவரை!

அதன்பிறகு ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. அதை எழுத ஐந்து நாள் எடுத்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மாரியில் இறந்துபோனார். நான்தான் குளிப்பாட்டி உடுப்புப் போட்டேன். புத்தகம் அச்சாகி ஒரு பிரதி எனக்கும் வந்தது. சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசிக்கத் தெரியாத புத்தகத்தைப் பிறகு என்ன செய்வது?

மகள் ஜெனி வளர்ந்து, கலியாணம் முடித்துச் சுவிசுக்குப் போய், அங்கே ஜெர்மனில் வேலை பார்க்கிறாள். போன கோடையில் வந்தவள், தூசி தட்டும்போது அதை எடுத்தாள். "அப்பா, இது உங்கடை புரொஃபெசோரேயின்ரையோ?" என்று கதிரையில் இருந்து புரட்டினாள். கடைசி அத்தியாயத்தில் அவளுடைய விரல் நின்றுவிட்டது.

"அப்பா, சித்தப்பாவைப் பற்றி இருக்கு."

"விசர்க்கதை கதையாதை."

அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன், புரொஃபெசோரே எழுதியிருந்தது இதுதான். என் வாழ்நாளில் இரண்டு தடவை அந்தப் பாலத்தில் நின்ற மனிதனைப் பற்றி என்னிடம் கேட்டார்கள், இரண்டு தடவையும் தெரியாது என்றேன். இரண்டாவது மனிதனின் அண்ணன் என் வீட்டில் இருந்தான். பொறுப்பெடுத்தால் அந்த மனிதனை மனுக் கொடுக்க விடுவோம் என்று காவலர் சொன்னார். பொறுப்பெடுத்தால் அண்ணனின் பத்திரத்தையும் கேட்பார்கள், அவனையும் கொண்டுபோவார்கள், பிறகு என் கையை யார் பிடிப்பார்கள் என்று பயந்தேன். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது தொலைபேசியை என் காதில் பிடித்திருந்தவன் அவன்தான். இதை எழுதும் கையைப் பிடித்திருப்பவனும் அவன்தான். எங்கள் ஊரின் குணம் என்னவென்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ரை கையாலையே எழுதுவிச்சிருக்கிறானே!" என்று கத்தினேன். அவரை நான் 'அவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"முடிஞ்சுதோ?" என்று மகளிடம் கேட்டேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கப்பா."

"வாசி."

"ஒவ்வொரு நாளும் அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை."

பிள்ளைகளே, உங்கள் கொப்பியில் எப்போது என்று எழுதுகிற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அவர்கள் அழட்டும். சூப் ஆறட்டும்.

அந்தக் கடைசி வரியை எழுதிய நாள் எனக்கு நல்ல நினைவு. அப்படியொரு நடுக்கத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை, எழுத்து ஓடிப்போகாமல் இருக்க மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன், என் விரல் அடையாளம் அவருடைய தோலில் கிடந்தது. பேனையை வைத்துவிட்டு நன்றி சொன்னார். பரவாயில்லை, புரொஃபெசோரே என்றேன்.